உறையவிடாதீர்

நம் இலக்கண நூலோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளி நாளில் மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை. ஆறில் இரண்டு பனியின் பெயரைத் தாங்கியவை. ஆயினும் அந்தப் பனி புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் விடைபெறும் பனி. குப்பியை வெடிக்கச் செய்யும் பனியை அவர்கள் கண்டதில்லை. நாங்கள் கண்டோம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், வீட்டை ஒட்டிய கராஜில், 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் காலை ஒன்றில் கண்டோம்.

புத்தகங்களைப் பற்றியே எழுதிப் பழகிய நாங்கள் இருவரும் காருக்குப் பூசும் மெழுகைப் பற்றி எழுத முற்படுவது நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். இங்கே புதிதாகக் குடிவந்த நண்பர் ஒருவர், குளிர்காலத்தில் இவற்றையெல்லாம் எங்கே வைப்பது என்று சென்ற இலையுதிர் காலத்தில் கேட்டார். இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினோம். அடங்கவில்லை. சொல்லாமல் விட்ட ஒன்று தொண்டையில் நின்றது. அதை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் முதல் காரை 2014 செப்டம்பரில் வாங்கினோம். பழைய கார்தான். வாங்கிய மறுநாளே தெருவில் உள்ளவர்கள் உப்பைப் பற்றி எச்சரித்தார்கள். இந்த ஊரில் பனி விழுந்தால் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த நீர் பூச்சியம் டிகிரியில் உறையாது என்பதால் சாலை வழுக்காது. ஆனால் அதே உப்புநீர் காரின் அடிவயிற்றில் படிந்து இரும்பைத் தின்னும். ஆகவே குளிர் வருமுன் காரைக் கழுவி மெழுகு பூச வேண்டும் என்றார்கள். அக்டோபரில் தள்ளுபடி விலையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினோம். ஷாம்பு, திரவ மெழுகு, தகர டப்பாவில் கெட்டி மெழுகு, தோல் இருக்கைக்குப் பூசும் களிம்பு, தார் நீக்கி, டயருக்குப் பளபளப்பு தரும் ஸ்பிரே, கண்ணாடி துடைக்கும் நீர், முன்கண்ணாடியில் பீய்ச்சும் நீலத் திரவம். புத்தகக் கண்காட்சியில் பை நிரப்புவோருக்கு இந்த மனநிலை புரியும். வாங்கியதில் பாதியைக்கூட அந்த ஆண்டு திறக்கவில்லை என்பதும் அந்தப் பழக்கத்தோடு பொருந்தியதே.

எல்லாவற்றையும் கராஜின் மரத்தட்டில் அடுக்கினோம். பிறகு குளிர் வந்தது. 2015 பிப்ரவரி இந்நகரம் கண்ட மிகக் கடுமையான பிப்ரவரிகளுள் ஒன்று. மைனஸ் 20ஐத் தாண்டிய இரவுகள் அடுத்தடுத்து வந்தன. கராஜில் வெப்பமூட்டி கிடையாது. வெளியிலிருந்து அதைப் பிரிப்பது ஒரு மெல்லிய தகரக் கதவு மட்டுமே.

மார்ச்சில் வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் தட்டைப் பார்த்தோம். கண்ணாடி துடைக்கும் நீர்க்குப்பி நெடுக்காகப் பிளந்திருந்தது. நீர் உறைகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கிறது. கழுத்துவரை நிரம்பிய குப்பிக்கு வேறு வழியில்லை. ஷாம்பு அடியில் கூழாகவும் மேலே நீராகவும் பிரிந்து நின்றது. திரவ மெழுகைக் கவிழ்த்தபோது திரிந்த பாலைப்போலத் திப்பி திப்பியாக விழுந்தது. குலுக்கினோம். பலனில்லை.

அன்றைக்கு நாங்கள் அறியாத விவரம் இதுதான். திரவ மெழுகு என்பது கரைசல் அன்று; நீருக்குள் நுண்துளிகளாக மிதக்கும் மெழுகு. பாலில் வெண்ணெய் மிதப்பதைப்போல. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். நீர் பனிக்கட்டியாகும்போது துளிகளை ஒதுக்கி நெருக்குகிறது. உறை கிழிகிறது, துளிகள் கூடிக் கட்டியாகின்றன. பனிக்கட்டி உருகினாலும் கட்டி பிரிவதில்லை. ஒருமுறை உறைந்து உருகுவதைவிடப் பலமுறை உறைந்து உருகுவது கொடியது. மார்ச் மாதம் பகலில் உருக்கி இரவில் உறையவைக்கும் மாதம். பிப்ரவரி கெடுத்த மிச்சத்தை அது கெடுத்திருக்கும். பாலிஷ் வகைகளில் மெருகேற்றும் நுண்துகள்கள் வேறு உண்டு. அவை கட்டிபட்ட பிறகு தேய்த்தால் பூச்சில் கீறல்தான் விழும்.

(உறை என்ற சொல்லை எண்ணி வியந்தோம். தங்கியிருப்பதும் உறைதல், பனியாவதும் உறைதல், பாலில் ஊற்றுவதும் உறை, வாளை மூடுவதும் உறை. இந்தத் திப்பி மெழுகை விளக்க நான்கு பொருளும் தேவைப்பட்டன.)

வேடிக்கை என்னவென்றால், அத்தனை குப்பிகளின் முதுகிலும் அது அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை: உறையவிடாதீர். நாவலின் பதிப்புரையையும் அச்சகத்தின் பெயரையும்கூட விடாமல் படிக்கிற நாங்கள் இருவரும் அந்த ஒரு சொல்லைப் படித்திருக்கவில்லை.

தப்பியவையும் உண்டு. தகர டப்பாவின் கெட்டி மெழுகுக்கு ஒன்றும் நேரவில்லை. அதில் நீர் இல்லை. பெரும்பாலும் அதில் இருப்பது கர்னாபா என்ற மெழுகும் அதை இளக்கும் பெட்ரோலிய எண்ணெய்களும். கர்னாபா பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் படிவது. வறண்ட வெயிலில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் பனைக்கு உறவினர் என்று சொல்லத்தக்க ஒரு மரம் வெயிலை எண்ணிச் சுரந்ததை வழித்து வந்து, இங்கே உப்புப்பனிக்கு எதிராகக் காரின் மீது பூசுகிறோம். இதை முதலில் அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட நெருக்கத்தை விளக்கத் தெரியவில்லை. வெப்பநாட்டிலிருந்து வந்து குளிரில் வேலைபார்க்கும் ஒன்று என்பதனாலாக இருக்கலாம்.

பாடம் கற்றவர்களாக அடுத்த குளிர்காலத்தில் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். எல்லாவற்றையும் என்பதுதான் பிழை. நிலவறையில், வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸும் வெந்நீர்க் கலனும் நிற்கும் சிற்றறையே வீட்டில் மிகக் கதகதப்பான இடம். அங்கே அடுக்கினோம். தகர மெழுகு, தார் நீக்கி, ஸ்பிரேக்கள், நீலத் திரவம் எல்லாம் வெந்நீர்க் கலனின் காலடியில்.

நவம்பரில் ஃபர்னஸைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். கயானா நாட்டவர். முதியவர். அறைக்குள் நுழைந்தவர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. எங்களையும் குப்பிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வெந்நீர்க் கலனின் அடியில் இருந்த சிறு மூடியை விலக்கி, குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே நீலச்சுடர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அது எப்போதும் எரிவது. தார் நீக்கியிலிருந்தும் கெட்டி மெழுகிலிருந்தும் எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும், சுடரைத் தேடிக்கொண்டு போகும் என்று சொல்லித் தன் கைவிரல்களைத் தரையில் நடக்கவிட்டுக் காட்டினார். அந்த விரல்கள் நடந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. குப்பிகளை நாங்கள் வெளியே எடுத்துச் சென்ற பிறகே அவர் வேலையைத் தொடங்கினார்.

அன்றுதான் குப்பிகளின் முதுகை முழுதாகப் படித்தோம். கனடாவில் இத்தகைய பொருள்களின் மேல் சிறு படங்கள் இருக்கும். மண்டையோடு என்றால் நஞ்சு, சுடர் என்றால் தீப்பற்றும், அரிக்கப்பட்ட எலும்புக்கை என்றால் தோலைத் தின்னும், சிதறும் குண்டு என்றால் வெடிக்கும். படத்தைச் சுற்றிய சட்டத்துக்கும் பொருள் உண்டு. எண்கோணச் சட்டம் உள்ளே இருப்பது ஆபத்து என்கிறது. தலைகீழ் முக்கோணம் கலமே ஆபத்து என்கிறது. இத்தனை செறிவான ஓர் எழுத்துமுறை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நாங்கள் அதில் எழுத்தறிவில்லாதவர்களாகவே ஓராண்டைக் கழித்திருந்தோம்.

எனவே பிரித்தோம். நீர் கலந்தவை, அதாவது ஷாம்பு, திரவ மெழுகு, களிம்பு, கண்ணாடி நீர் ஆகியன வீட்டுக்குள், சுடருக்கு எட்டாத இடத்தில். நீர் இல்லாது எண்ணெயும் ஆவியுமாக இருப்பவை கராஜிலேயே. குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. கெட்டி மெழுகு இறுகியிருந்தால் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வைத்தால் இளகிவிடும். நீலத் திரவமும் கராஜுக்கே திரும்பியது. அது மைனஸ் 40 வரை உறையாதது என்று குப்பியிலேயே பெரிதாக எழுதியிருக்கும். ஏன் உறையாது என்று அப்போது நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாடு என்பதால் வெயிலை மறந்துவிடுகிறோம். 2016 கோடையில் 30 டிகிரியைத் தாண்டிய நாள்கள் பல. மேற்குப் பார்த்த கராஜ் மாலையில் அடுப்பாகும். ஸ்பிரே குப்பிகளில் 50 டிகிரிக்கு மேல் சூடேற்றாதீர் என்று எழுதியிருக்கும். உள்ளே அழுத்தப்பட்ட வாயு இருக்கிறது. கராஜ் அந்த அளவைத் தொடுவது அரிது. ஆனால் வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் எளிதில் தொட்டுவிடும். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று ஸ்பிரேயைக் காரிலேயே விட்டுவைப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. விட்டுவிட்டோம்.

இனி, இரண்டு வரியில் அடங்காத பகுதி.

2016 மே மாதம் ஊரிலிருந்து பெரியவர் வந்தார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. அப்போது 5 வயதான எங்கள் மகளுக்குத் தாத்தா. நாங்களும் இங்கே தாத்தா என்றே குறிப்பிடுகிறோம். 30 ஆண்டுகளுக்கு மேல் கும்பகோணத்துப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் பணிக்குச் சேர்ந்த நாள்களில் மிக்ஸர் வாங்க வருவோர் வீட்டிலிருந்தே குப்பி கொண்டுவர வேண்டும். எண்ணெய்க் குப்பி, தேன் குப்பி, சில நேரம் சாராயக் குப்பி. கழுவி, மிக்ஸரை ஊற்றி, வெள்ளைத்தாளை நீளமாகக் கத்தரித்து, வேளைக்கு ஒன்றாக ஓரத்தில் பல் வெட்டி, பசை தடவிப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். படிக்கத் தெரியாதவரும் பல்லை எண்ணிக் குடிக்கலாம். பூசும் நஞ்சு மருந்துகளுக்கு மட்டும் ஆறு பட்டையிட்ட, முதுகு சொரசொரத்த தனிக்குப்பி உண்டாம். இருட்டில் தடவினாலும் இது குடிப்பதற்கன்று என்று விரலுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. இந்தக் கதைகளை அவர் சொல்லி நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அவருக்கு எந்தக் குப்பியையும் எறிய மனம் வராது. ஊரில் அவர் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் குப்பியில் துவரம்பருப்பும் போர்ன்விட்டா டப்பாவில் புளியும் இருக்கும். நம் வீடுகளில் யார் வீட்டில்தான் இல்லை?

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. விடியற்காலை 4 மணிக்கே விழித்துவிடும் வழக்கமுள்ளவர், எங்களை எழுப்பாமல் கராஜை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். தட்டைத் துடைத்தார். ஆணிகளைப் பிரித்து அடுக்கினார். நீலத் திரவத்தின் பெரிய குப்பியைத் தூக்கியபோது அது சிந்தியது. அதன் மூடி விரிசல் விட்டிருந்தது. அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும், குழந்தைகளால் திறக்க இயலாத மூடி அது. ஜனவரியில் கை விறைத்திருந்த ஒரு நாள் எங்களில் ஒருவர் (யார் என்பது இன்றும் தீராத வழக்கு) ஸ்பானரால் தட்டி உடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தோம். சிந்துவதைக் கண்டு மனம் பொறாத தாத்தா, மறுசுழற்சிப் பெட்டியிலிருந்து விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தின் காலிக் குப்பிகள் மூன்றை எடுத்துக் கழுவி, அவற்றில் ஊற்றி, தன் பழக்கப்படி இறுக மூடினார். மகளுக்கு நீல நிறப் பானம்தான் பிடிக்கும். குப்பிகளின் மேல் பானத்தின் பெயர் அப்படியே இருந்தது.

பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று தாளும் பசையும் தேடி அவர் வீட்டுக்குள் வந்தார். அதற்குள் நாங்கள் எழுந்திருந்தோம். "தோசை ஆறிடும், முதல்ல உக்காருங்க மாமா" என்று அமர்த்திவிட்டோம்.

அவர் இரண்டாவது தோசையில் இருந்தபோது மகள் கராஜ் வழியாக ஓடிவந்தாள். சைக்கிளை எடுக்கப் போனவள். கையில் குப்பி. "இதைத் திறந்து குடுங்க, எனக்குத் திறக்க வரல" என்றாள். எங்களில் ஒருவர் திறந்தோம். ஆம், திறந்தோம். புதுக் குப்பியைத் திறக்கும்போது மூடியின் வளையம் அறுபடுகிற ஒலி ஒன்று எழும், அது எழவில்லை. அதைக் கவனித்ததாக அப்போது நினைவில்லை. திறந்த குப்பியை அவள் கையில் கொடுத்த பிறகே, ஊசி போடுமுன் தோலில் தடவுவார்களே, அந்த வாடை எழுந்தது. அவள் உதட்டுக்கும் குப்பிக்கும் இடையில் எத்தனை அங்குலம் இருந்தது என்பதில் எங்கள் இருவர் நினைவும் வேறுபடுகின்றன. தட்டிவிட்டோம். தரையெல்லாம் நீலம்.

அவள் குடிக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அது எங்களுக்குத் தெரியாது. சைக்கிள் எடுக்கப் போன இடத்தில் வேறொரு குப்பியைத் திறந்திருந்தால்? ஒண்டாரியோ நஞ்சு மையத்துக்குத் தொலைபேசினோம். மறுமுனையில் இருந்த பெண் பதறாமல் முதலில் கேட்டது: குப்பியில் என்ன எழுதியிருக்கிறது? சொல்ல முடியவில்லை. எங்கள் கையில் இருந்த குப்பியில் பானத்தின் பெயர்தான் எழுதியிருந்தது. மூலக்குப்பியைத் தாத்தா கழுவி மறுசுழற்சிப் பெட்டியில் போட்டிருந்தார். ஓடிப்போய் அதை எடுத்துவந்து, ஈரம் சொட்டச் சொட்ட எழுத்து எழுத்தாகப் படித்தோம். மெத்தனால்.

அதைக் கேட்டதும் தாத்தா நாற்காலியில் அமர்ந்துவிட்டார். எங்களுக்கு அது ஒரு வேதிப்பெயர். அவருக்கு முகங்கள் இருந்தன. பணிக்காலத்தில் ஒரு விடியற்காலையில், கள்ளச்சாராயம் குடித்துவிட்டுக் கண் தெரியாமல் கைத்தாங்கலாக வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். மெத்தனால் தானாகப் பெரிய நஞ்சன்று என்று பிறகு எங்களுக்கு விளக்கினார். கல்லீரல் அதைப் பிரித்து எறும்புக்கடியில் இருக்கிற ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதுதான் கண்ணின் நரம்பைக் கொல்கிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பாதி நாள், ஒரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும். குழந்தைக்கு ஓரிரு மிடறே அதிகம். சாதாரண மதுவைக் கொடுத்தே இதை முறிப்பதும் உண்டு. கல்லீரல் அதைப் பிரிப்பதில் முனைந்திருக்கையில் மெத்தனால் கேடு செய்யாமல் வெளியேறும் என்றார். மைனஸ் 40இலும் அந்தத் திரவம் உறையாததற்குக் காரணமும் இதே மெத்தனால்தான்.

நஞ்சு மையத்துப் பெண் மற்ற இரண்டு குப்பிகளையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் கழுத்துவரை நிறைந்து, நாங்களே திறக்கத் திணறும் அளவுக்கு இறுகியிருந்தன. மகளின் வாயில் வாடை இல்லை. விழுங்கவில்லை என்பது உறுதியானால் அச்சமில்லை, துளி ஐயம் இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். அன்று இரவு நாங்கள் உறங்கவில்லை. மணிக்கொருமுறை விளக்கைப் போட்டு, "எத்தனை விரல்?" என்று அவளைக் கேட்டோம். மூன்றாவது முறை அவள் அழுதாள்.

அந்தக் காலைப்பொழுதில் எங்களில் ஒருவர் தாத்தாவிடம், "கேக்காம எதுக்கு மாத்தி ஊத்துனீங்க?" என்று கத்தினோம். மற்றவர் தடுக்கவில்லை. உடைந்த மூடியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. தோசைக்கு அமர்த்தியதைப் பற்றியும். அவர் மறுமொழி சொல்லவில்லை. நீலக்கறையைத் துணியால் துடைத்தார். துடைத்த துணியை இரண்டு பைகளில் சுற்றி வெளியே வைத்தார். மாலை வரை கராஜில் தனியே அமர்ந்து, கத்தரித்த வெள்ளைத்தாளில், கம்பவுண்டர் கையெழுத்து என்று ஊரில் கேலி பேசப்படும் வகையன்று, அச்சுப்போன்ற எழுத்தில், ஒவ்வொரு குப்பிக்கும் எழுதி ஒட்டினார். "நஞ்சு. குடிக்கக் கூடாது." ஷாம்புக்கும் மெழுகுக்கும்கூட ஒட்டினார். அவர் செப்டம்பரில் ஊர் திரும்பும்வரை அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

நண்பர் கேட்ட கேள்விக்கு விடை இது. கராஜில் பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்றை, கீழ்த்தட்டு பெரியவர் தோளுயரத்தில் இருக்கும்படி, வெயில் படாத சுவரில் பொருத்தினோம். நீரில்லாதவையும் நீலத் திரவமும் ஸ்பிரேக்களும் ஆண்டு முழுவதும் அங்கே. நீர் கலந்தவை அக்டோபர் நடுவில், இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது, நிலவறையின் மறுகோடியில் உள்ள பூட்டிய பெட்டிக்குப் போகும். ஏப்ரல் கடைசியில் திரும்பி வரும். பிரேக் திரவத்தைத் திறந்து மீதி வைப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வது, பருவம் மாறும்போது கராஜில் ஈரத்துக்குக் குறைவில்லை. அமிலமும் பிளீச்சும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. மூடி உடைந்தால், திரவம் திரிந்தால், சாக்கடையில் ஊற்றாமல் மாநகராட்சியின் அபாயக் கழிவு ஏற்கும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முக்கியமாக, தேவைக்குமேல் வாங்குவதில்லை. (புத்தகத்துக்கு இந்த விதி பொருந்தாது.) எந்தத் திரவமும் அது வந்த குப்பியைவிட்டு வேறு குப்பிக்குப் போவதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தி வந்த இரண்டாம் நாள், எங்களுக்கு நள்ளிரவாக இருக்கையில் தாத்தா அழைத்தார். அவர் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் அழைப்பார். உடல்நலம் கேட்டார். பேத்தியின் தேர்வைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு அப்போது 13 வயது. காரைக் கழுவுவது அவள் வேலையாகிவிட்டிருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அந்த நீலத் தண்ணி வெச்சிருக்கிற அலமாரி இருக்கே, அதைப் பூட்டித்தானே வெச்சிருக்கீங்க?"

எட்டு ஆண்டுகளில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுவே முதல்முறை. மூடியை உடைத்தது நாங்கள்தான் மாமா என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "பூட்டித்தான் இருக்கு மாமா, கவலைப்படாதீங்க" என்றோம். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

இறங்கிப்போய் கராஜ் விளக்கைப் போட்டோம். தாள்கள் மஞ்சளடித்திருந்தன, எழுத்து மங்கவில்லை. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.